ஆற்றுக்கால் பொங்காலையும் பாதியில் நின்ற படப்பெட்டியும்

பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்தில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நகரம் முற்றிலும் அயலூர் ஆகிவிடுவதில்லை. தம்பானூரில் 1931-ஆம் ஆண்டில் எழுந்த கருங்கல் நிலையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, கிழக்குக் கோட்டையைக் கடந்து சாலைக் கடைத்தெருவினுள் புகுந்தால், மிளகாய் மூட்டைகளின் நெடியோடு தமிழும் கலந்து வருகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட இராஜ்யத்தில்தான் இருந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். பேரம் பேசும் குரலில் நாகர்கோவிலும் நெல்லையும் இங்கு இன்றும் ஒலிப்பதில் வியப்பொன்றும் இல்லை.

இத்தெருவின் தென்கிழக்கே, கிள்ளியாற்றின் கரையில் இருக்கிறது ஆற்றுக்கால் பகவதி கோயில். தமிழருக்கு இக்கோயிலின்மீது ஒரு தனி உரிமை உண்டு. மதுரையை எரித்த கண்ணகி, கன்னியாகுமரி வழியாகச் சேரநாடு புகுந்து கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் இவ்வாற்றங்கரையில் தங்கினாள் என்பது தலவரலாறு. மாசித் திங்களில் நடைபெறும் பத்து நாள் திருவிழாவில் கண்ணகியின் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். ஒன்பதாம் நாளாகிய பூரத்தன்று, பாண்டியன் வதைப்பட்ட பகுதியைப் பாடி முடித்தவுடன், கோயில் முன்னுள்ள பண்டார அடுப்பில் நெருப்பு ஏற்றப்படுகிறது. வெடியும் செண்டையும் முழங்க, அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தீ பரவிப் பல மைல் தூரம் செல்கிறது. 1997-ஆம் ஆண்டில் 15 இலட்சம் பெண்களும், 2009-ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்களும் பொங்காலை இட்டதாகக் கின்னஸ் பதிவுப் புத்தகம் குறித்துக்கொண்டது.

பொங்காலை இடுவோர் பெண்களே. ஆடவர்க்கு அன்று செங்கல் சுமப்பதும், தண்ணீர் கொணர்வதும், ஒதுங்கி நிற்பதுமே பணி. நாம் இரயில்வேயில் எழுத்தராக இருப்பவர். நாகர்கோவில் பக்கமிருந்தும் கொல்லம் பக்கமிருந்தும் சிறப்பு வண்டிகள் வந்து சேரும் அந்நாளில், பானையும் விறகும் ஏந்திய தாய்மார்கள் நடைமேடையில் இறங்கும் காட்சியை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். 2021, 2022 ஆகிய இரண்டாண்டுகள் நோய்த்தொற்றின் காரணமாகப் பெண்கள் தத்தம் வீட்டு வாயிலிலேயே பொங்காலை இட நேர்ந்தது. அவ்விரண்டு ஆண்டுகளும் நடைமேடை வெறிச்சோடிக் கிடந்ததை மறக்க முடியவில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் நமது தாயார்க்கு எழுபது வயது கடந்துவிட்டது. ஆற்றுக்காலில் ஒருமுறை பொங்கல் இட வேண்டும் என்பது அவர்தம் நெடுநாள் நேர்த்தி. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று பொங்காலை அமைந்தது. தாயார் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் நமது தமக்கையார்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் தெரிந்தவர் ஒருவர் கையில் ஒரு சிறு படப்பெட்டியைக் கொடுத்தனுப்பி, தொலைபேசியில் இவ்வாறு சொன்னார்:

"தம்பி, அடுப்பு மூட்டுவதிலிருந்து தீர்த்தம் தெளிப்பது வரை ஒன்று விடாமல் பிடித்து அனுப்பு. முக்கியமாக, பானை பொங்கும்போது அம்மா குலவை இடுவாளே, அது எனக்கு வேண்டும். அந்தக் குலவையைக் கேட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது."

இப்படப்பெட்டியை 'ஆக்ஷன் காமிரா' என்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. கடலலையில் சறுக்குவோரும் சைக்கிளில் மலையிறங்குவோரும் உடம்பிலோ வண்டியிலோ கட்டிக்கொள்வதற்காக ஏற்பட்டது. இவ்வகையைப் பரவலாக்கிய அமெரிக்காவின் கோப்ரோ நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்றது, மணிக்கட்டில் கட்டும் ஒரு படச்சுருள் காமிராவே. இன்று இவை எல்லாம் மின்னணுப் பெட்டிகளாகி, நகம் அளவுள்ள கார்டில் படத்தைப் பதிக்கின்றன. நம்மிடம் வந்தது வேறொரு நிறுவனத்தின் காமிரா.

பொங்காலையன்று விடியுமுன்னரே கிள்ளிப்பாலத்தின் அருகே, முதல்நாளே செங்கல் வைத்துப் பிடித்திருந்த இடத்தில் தாயாரும் நமது இல்லாளும் அமர்ந்தார்கள். தெருவின் இருமருங்கும் மூன்று மூன்று செங்கற்களாக அடுப்புகள். கடைக்காரர்கள் மோரும் தண்ணீரும் கொடுத்தார்கள். மணக்காட்டுப் பக்கத்தில் பள்ளிவாசல் வளாகத்திலும் வருவோர்க்கு இடம் கொடுத்து உபசரிப்பது இந்நகரத்தின் வழக்கம். நாம் ஓர் இரும்புக் கம்பத்தில் காமிராவைக் கட்டினோம். புகையும் சாம்பலும் படாதிருக்க, அதனுடன் வந்த நீர்புகாக் கண்ணாடிக் கூட்டினுள் அதை வைத்து இறுக மூடினோம். பெருமையுடன் மிக உயர்ந்த தரத்தில் படம் பதியுமாறு அமைத்தோம். பிற பெண்களின் முகம் படாமல், நம் அடுப்பை மட்டும் நோக்கித் திருப்பினோம். நெருப்பு வந்து சேர்ந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு, பெண்கள் கூட்டத்தில் நிற்பது முறையன்று எனக் கருதி அப்பால் சென்றோம்.

தாயாரின் பானை பொங்கியது. அவர் இட்ட குலவை அரைத் தெருவுக்குக் கேட்டதாக இல்லாள் சொன்னாள். பிற்பகலில் பூசாரிமார் வந்து தீர்த்தம் தெளித்துச் சென்றனர். நாம் திரும்பி வந்து காமிராவை எடுத்தபோது, அஃது உயிரற்றுக் கிடந்தது. கண்ணாடிக் கூடு கையைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து கார்டைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தோம். ஐந்து கோப்புகள் இருந்தன. முதல் நான்கும் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஐந்தாவது திறக்கவே இல்லை. செங்கல் அடுக்கியது இருந்தது, தீ மூட்டியது இருந்தது, உலை வைத்தது இருந்தது. பொங்கியது இல்லை, குலவை இல்லை. தமக்கையாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் ஊருக்குப் புறப்படும்போது, முழங்காலைத் தடவிக்கொண்டு, "அடுத்த மாசி எனக்கு எப்படியோ, ஐயா," என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

காணாமற்போன பார்சலைத் தேடுவது எழுத்தர் வேலையின் ஒரு பகுதி. எந்த நிலையத்தில் ஏற்றப்பட்டது, எந்த நிலையத்தில் கணக்கில் வரவில்லை என்று ஒவ்வொரு பதிவாகப் பார்த்து வந்தால், தவறிய இடம் தானே தெரியும். அவ்வாறே இக்காமிராவையும் விசாரிக்கத் துணிந்தோம். சாலையின் ஒரு சந்தில் கலியாண வீடுகளுக்கு ஒளிப்பதிவு செய்யும் தமிழ் அன்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வழி காட்டினார். அவருடைய முதல் அறிவுரை இது: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால், எது குணமாக்கியது என்று தெரியாது."

முதலில் ஐந்து நிமிடக் கோப்புகளின் மர்மம் விளங்கியது. கார்டில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையொன்றில், தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. அம்முறையை ஒட்டிப் பல காமிராக்கள் அவ்வளவு நிறைந்ததும் ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கின்றன. நம் காமிரா விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதியது. எட்டால் வகுத்தால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். அக்கணக்கில் 4 ஜிகாபைட் நிறைய ஐந்து நிமிடம் இருபது விநாடி ஆகும். ஆகவே நான்கு கோப்புகள் என்பது நான்கு முறை நின்றதற்கு அடையாளமன்று. இருபத்தொரு நிமிடம் அஃது இடைவிடாமல் ஓடி, ஐந்தாம் கோப்பின் நடுவேதான் நின்றிருக்கிறது. "படம் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது" என வருந்தும் பலர், அடுத்த கோப்பைத் திறந்து பார்த்தாலே கவலை தீரும் என்றார் அன்பர். ஐந்தாம் கோப்பு திறவாததற்கும் காரணம் உண்டு. கோப்பின் அட்டவணையைக் காமிரா கடைசியிலேயே எழுதுகிறது. அதற்குமுன் திடீரென அணைந்தால், படம் கார்டில் இருந்தும் படிக்க முடியாமற் போகிறது. அத்தகைய கார்டை வேறெதற்கும் பயன்படுத்தாமல் அதே காமிராவில் மீண்டும் இட்டால், சில காமிராக்கள் தாமே பழுது பார்த்துவிடும். நம்முடையது அரை நிமிடத்தை மீட்டுக் கொடுத்தது. அதில் தாயார் விறகைத் தள்ளிவிட்டுப் பேத்தியை நோக்கிச் சிரிக்கிறார்.

அடுத்து கார்டு. சாலைக் கடையில் விலை மலிவாக வாங்கிய நம் கார்டின்மீது ஒரு வட்டத்தினுள் '10' என்ற எண் இருந்தது. விநாடிக்கு 10 மெகாபைட்டேனும் எழுதும் என்பதே அதன் உறுதி. நமக்கோ பன்னிரண்டரை வேண்டும். குழாயின் வரத்தைவிட வடிகால் சிறியதானால் தொட்டி வழியத்தானே செய்யும்? காமிராவும் சற்று நேரம் சமாளித்துப் பின் நின்றுவிடும். 'வி 30' என்று குறித்த கார்டு விநாடிக்கு 30 மெகாபைட் எழுத உறுதி தருவது. நம்பகமான கடையில் அதை வாங்கினோம். சந்தையில் போலிக் கார்டுகளும் உண்டு. உள்ளதைவிடப் பன்மடங்கு கொள்ளளவை மேலே அச்சிட்டிருப்பார்கள். வாங்கியவுடன் முழுவதும் நிரப்பிப் பார்த்துச் சோதிப்பது நன்று. பிறகு, அதைக் காமிராவிலேயே இட்டு, காமிராவின் வழியாகவே துடைத்து அமைத்துக்கொள்ள வேண்டும்.

புதுக் கார்டுடன் கரமனையில் நம் வாடகை வீட்டு மொட்டை மாடியில், நண்பகல் வெயிலில், பழைய ஏற்பாட்டின்படியே காமிராவைக் கண்ணாடிக் கூட்டுடன் நிறுத்தினோம். தென்னந்தோப்புகளுக்கு அப்பால் நகரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் சென்றதும் காமிரா நின்றது. திரையில் வெப்பமானியின் அடையாளம் ஒன்று தோன்றி மறைந்தது. பொங்காலையன்று அதைப் பார்க்க நாம் அருகில் இல்லை.

அதே கார்டு, அதே தரம். ஆனால் வீட்டினுள், கூடு இல்லாமல், மின்விசிறியின் கீழ் வைத்துப் பார்த்தோம். பாட்டரி தீரும் வரையில், ஒரு மணிக்கு மேல் ஓடிற்று. குற்றவாளி வெப்பந்தான் என்று அன்றே வழக்கை முடித்திருப்போம். இல்லாள்தான், "பழைய கார்டையும் விசிறியின் கீழ் வைத்துப் பாருங்களேன்," என்றாள். வைத்தோம். முதல் முறை ஒன்பது நிமிடத்தில் நின்றது. மறு முறை அரை மணி கடந்து நின்றது. ஆக, குற்றவாளிகள் இருவர். வெப்பம் ஒழுங்காக ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. தகுதியற்ற கார்டு தன் இஷ்டம்போல் நிறுத்துகிறது. நிற்கும் நேரத்தைக் குறித்து வைத்தால், இன்னது காரணம் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

வெப்பத்தின் காரணம் எளிதாக விளங்கக்கூடியது. உயர்ந்த தரத்தில் படத்தைச் சுருக்கிப் பதிக்கும் வேலையில் உள்ளிருக்கும் சில்லு சூடாகிறது. நீர் புகாதிருக்க நாற்புறமும் அடைத்த சிறு பெட்டியில் விசிறிக்கு இடமில்லை. சைக்கிளில் போவோர்க்கு எதிர்க்காற்று அச்சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. நாமோ அதை அசையாமல் கம்பத்தில் கட்டி, மேலும் ஒரு கூட்டினுள் அடைத்து, மாசி வெயிலுக்கும் ஆயிரம் அடுப்புகளின் அனலுக்கும் இடையே நிறுத்திவிட்டோம். உட்சூடு ஓர் எல்லையைக் கடந்ததும், தன்னைக் காத்துக்கொள்ள அஃது அணைந்துவிட்டது. காப்பதற்காக இட்ட கூடே கெடுத்தது.

பரிகாரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினோம். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க அதுவே தாராளம். வைஃபை, இடங்காட்டி, திரை ஆகியவற்றை அணைத்தோம். கூட்டைக் கழற்றினோம். குடையின் நிழலில் வைத்தோம். அதே மாடியில், அதே நண்பகலில், பாட்டரி தீரும் வரை காமிரா ஓடிற்று. இரண்டாவது பாட்டரி ஒன்றும் வாங்கி வைத்தோம். சில காமிராக்களில் குறித்த நேரத்தில் தானே நிற்கும் ஏற்பாடும், பழையதை அழித்து அதன்மேலேயே எழுதும் சுழற்சி ஏற்பாடும் உண்டு. அவை தவறுதலாக இயங்குகின்றனவா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் முடிந்தபின் ஒளிப்பதிவு அன்பர் கேட்டார்: "நான்கு மணி நேரத்தையும் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? கலியாணத்தில்கூட நாங்கள் தாலி கட்டும்போது விழிப்பாக இருப்போம். பந்தியில் காமிராவை அணைத்து ஆறவிடுவோம்." அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. தமக்கையார் கேட்டதும் உண்மையில் ஒரு குலவைதானே!

2025-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி வியாழக்கிழமை மறுபடியும் பொங்காலை வந்தது. தாயார் அஞ்சியவாறே, முழங்கால் வலியால் அவரால் வர இயலவில்லை. ஆனால் இம்முறை தமக்கையார் விடுப்புப் பெற்றுச் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டார். தாயாருக்குப் பதிலாக அவர் கிள்ளிப்பாலத்தில் செங்கல் அடுக்கி அமர்ந்தார். சென்ற ஆண்டு மகளுக்காக எடுக்க எண்ணிய படத்தை, இவ்வாண்டு தாயாருக்காக எடுக்க வேண்டியதாயிற்று. ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் மகளிடம் காமிராவை ஒப்படைத்தோம். அவள் பாட்டியின் பனையோலை விசிறியை அதற்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு, செங்கல் அடுக்குவது, தீ வாங்குவது, உலை வைப்பது, பொங்குவது, தீர்த்தம் என ஐந்து துண்டுகளாக எடுத்தாள். இடையிடையே அணைத்து ஆறவிட்டாள். ஒரு துண்டும் தவறவில்லை. அன்று மாலையே மாநகராட்சித் தொழிலாளர்கள் வந்து செங்கற்களை அகற்றித் தெருவைக் கூட்டத் தொடங்கினார்கள். இரவில் அவ்வழியே பணிக்குச் சென்றபோது, அங்கே இலட்சம் அடுப்புகள் எரிந்ததற்குப் புகை வாடை ஒன்றே சாட்சியாக இருந்தது.

அடுத்த ஞாயிறன்று நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக அம்பாசமுத்திரம் சென்றோம். தொலைக்காட்சியில் படம் ஓடியது. தாயார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணீர் விடுவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ, "அரிசி வேகுமுன்னே வெல்லத்தைப் போட்டுவிட்டாளே! இனி அது எங்கே வேகும்?" என்றார். தமக்கையார் தலை குனிந்தார். பானை பொங்கியது, தமக்கையாரின் குலவை எழுந்தது. தாயார் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இது என்ன குலவை? பாதியிலேயே மூச்சு நின்றுபோகிறதே, உன் தம்பியின் காமிரா மாதிரி! இப்படி இட வேண்டும்," என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாவைச் சுழற்றிக் குலவையிட்டார். அடுத்த வீட்டுப் பெண்கள் என்ன விசேஷமோ என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நம் மகள் மூலையில் காமிராவுடன் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். பதினொரு விநாடிப் படம். அந்தத் துண்டைத் தமக்கையார் சிங்கப்பூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அடுத்த மாசியில் ஆற்றுக்காலுக்கு வரும் நம்மவர்கள் தக்க கார்டும், மாற்றுப் பாட்டரியும், ஓர் ஓலை விசிறியும் கொண்டுவரக் கோருகிறோம். வெல்லத்தை, அரிசி நன்றாக வெந்தபின் இடுக.